நகரத்துக்குப் பதில் சொல்லாத பொலிஸ்

1865ஆம் ஆண்டில் இலங்கைச் சட்டநிரூபண சபை அடுத்தடுத்து நிறைவேற்றிய இரண்டு கட்டளைச் சட்டங்களுள் 16ஆம் இலக்கமுடையது இத்தீவின் பொலிஸ் படைக்கு உருவம் கொடுத்தது; அதைத் தொடர்ந்த 17ஆம் இலக்கமுடையது கொழும்புக்கும் கண்டிக்கும் மாநகர சபைகளை அளித்தது. ஒரே ஆண்டில், ஒரே மன்றத்தில், முன்னும் பின்னுமாகப் பிறந்த இவ்விரண்டு ஸ்தாபனங்களுள் மாநகர சபையானது காலப்போக்கில் எத்தனையோ மாற்றங்களுக்கு உட்பட்டு, தெருவோடு போகும் பிரஜை எவரும் தம் வீதி விளக்கு ஏன் எரியவில்லை என்று உறுப்பினரை வழிமறித்து அதட்டிக் கேட்கக்கூடிய நிலைக்கு இறங்கி வந்துவிட்டது. பொலிஸோ, திருத்தங்கள் பல கண்டபோதிலும், இன்றைக்கும் அதே 16ஆம் இலக்கச் சட்டத்தின்மேல் நின்றுகொண்டு, கொழும்பை நோக்கியே சலாம் வைத்துக்கொண்டு, தான் காவல் புரியும் நகரத்துக்கு எந்தக் கணக்கும் ஒப்புவிக்க வேண்டிய அவசியமின்றி இருந்து வருகிறது.

ஆண்டுதோறும் செப்டம்பர் 3ஆம் திகதி பொலிஸ் தினம் வருகிறது. 1866இல் கேம்பெல் என்னும் ஆங்கில உத்தியோகஸ்தர் படையின் தலைமையை ஏற்ற நாள் அது. அன்றும் அதையொட்டியும் இரத்ததானம், சிரமதானம், விளையாட்டுப் போட்டி முதலிய நற்காரியங்கள் நடைபெறுவதும், பொலிஸாருக்கும் பொதுமக்களுக்கும் இடையே நல்லெண்ணம் வளர வேண்டும் என்று பெரியோர் பேசுவதும் வழக்கம். இவற்றை நான் இழிவாகக் கருதவில்லை. ஆனால், ஒருவர்மீது மற்றொருவருக்கு விசுவாசம் பிறப்பது அவர் நமக்கு இளநீர் கொடுத்ததனாலன்று. தவறு நேர்ந்தபோது, ஏன் இப்படிச் செய்தீர் என்று நாம் கேட்க, அவர் நின்று பதில் சொன்னார் என்பதனால். அப்படி நின்று கேட்பதற்கு ஓர் இடம் கண்டி நகரத்தில் இதுவரை அமையவில்லை என்பதே என் முறைப்பாடு.

இந்தக் குறையின் பழமையை அறிய விரும்புவோர் 1915ஆம் ஆண்டுக் கலகத்தைச் சற்றே நினைவுகூர வேண்டும். கம்பளையில் வலஹாகொட தேவாலயத்துப் பெரஹரா அம்பகமுவ வீதிப் பள்ளிவாசலை வாத்தியங்களுடன் கடந்து செல்லலாமா என்ற வழக்கு, 1914இல் கண்டி மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு விதமாகவும், மறு ஆண்டு பெப்ரவரியில் உயர் நீதிமன்றத்தில் அதற்கு நேர்மாறாகவும் தீர்க்கப்பட்டு, இரு சமூகத்தார் மனத்திலும் புகைந்துகொண்டிருந்த காலம். கண்டி நகரத்தில் என்ன நடக்கக்கூடும் என்பதை ஊகிக்கப் பெரிய ஞானதிருஷ்டி எதுவும் தேவைப்படவில்லை. மே 28ஆம் திகதி வெசாக் இரவில், நள்ளிரவும் கடந்த பின்னர், காசல் ஹில் வீதிப் பள்ளிவாசலை நெருங்கிய பக்திப்பாடல் ஊர்வலத்தைப் பக்கத்துத் தெருவுக்குத் திரும்பும்படி பொலிஸ் இன்ஸ்பெக்டர் பணித்தார். திரும்பியவர்களைப் பள்ளிவாசலருகே கூடியிருந்தோர் கேலி செய்ய, கல் பறந்தது. சில கான்ஸ்டபிள்களைக் கொண்டு அடக்கக்கூடிய கட்டம் சில நிமிஷங்களில் கடந்துவிட்டது. பின்னர் கலகம் கண்டியை விட்டு இறங்கி மேல் மாகாணம் வரை பரவியதும், ஜூன் 2ஆம் திகதி தேசாதிபதி சேர் ரொபர்ட் சால்மர்ஸ் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்ததும், முதலில் முஸ்லிம்களின் கடைகளையும் உயிர்களையும் காக்கத் தவறிய அதே அரசாங்கம் பிறகு சிங்களக் கிராமங்களில் விசாரணையின்றிச் சுட்டுத் தள்ளியதும், டி. எஸ். சேனநாயக்க போன்ற மதுவிலக்கு இயக்கத்தாரைச் சிறையிலிட்டதும் சரித்திரம். சேர் பொன்னம்பலம் இராமநாதன் சட்டநிரூபண சபையில் அந்த அட்டூழியங்களை எடுத்துரைத்து, இங்கிலாந்து வரை சென்று நியாயம் கேட்டார். சிங்களத் தலைவர்களுக்காக அவர் வாதாடியபோது, பொருளையும் உறவினரையும் இழந்த முஸ்லிம்களின் துயரம் போதிய அளவு பேசப்படவில்லை என்ற மனக்குறை அச்சமூகத்தாரிடம் நெடுங்காலம் தங்கிவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தொடக்கத்தில் போதாமை, முடிவில் மிகை: 1915இன் இந்த இலட்சணம் 103 ஆண்டுகள் கழித்து அதே மாவட்டத்தில் மறுபடியும் தோன்றியது. 2018 பெப்ரவரி 22ஆம் திகதி தெல்தெனியவில் வீதித் தகராறு ஒன்றில் சிங்கள லொறிச் சாரதி ஒருவரை முஸ்லிம் இளைஞர் நால்வர் கொடூரமாகத் தாக்கினர். சந்தேக நபர்கள் கைது செய்யப்பட்டனர். மார்ச் மாதத் தொடக்கத்தில் சாரதி வைத்தியசாலையில் உயிர் நீத்தார். தாக்குதலுக்கும் கலகத்துக்கும் இடையே பத்து நாள் அவகாசம் இருந்தது. அந்தப் பத்து நாளும் பேஸ்புக்கில் விஷம் ஊறிக்கொண்டிருந்ததைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட அறிவார்கள். அப்படியிருந்தும் மார்ச் 4, 5ஆம் திகதிகளில் திகனவிலும் தெல்தெனியவிலும் கூட்டம் திரண்டு வீடுகளையும் கடைகளையும் பள்ளிவாசல்களையும் எரித்தது. எரிந்த வீடொன்றில் அகப்பட்டு ஓர் இளைஞர் மாண்டார். 6ஆம் திகதி ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அவசரகால நிலையைப் பிரகடனப்படுத்தினார். ஏழாண்டுகளுக்குப் பின் நாடு கண்ட முதல் அவசரகால நிலை அது. சட்டம் ஒழுங்கு அமைச்சு அந்நாளில் பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவின் கையிலேயே இருந்தது. ஊரடங்கும் அவசரகாலச் சட்டமும் அமுலில் இருக்கும்போதே அம்பத்தென்ன, அக்குறணைப் பக்கங்களில் மறுபடியும் தீ எழுந்தது.

ஆள் போதவில்லை என்பது அப்போது கூறப்பட்ட சமாதானங்களுள் ஒன்று. கண்டிவாசிகளிடம் இந்தச் சமாதானம் சுலபமாகச் செல்லாது. எசல பெரஹரா நாட்களில் தலதா வீதியிலும் திருகோணமலை வீதியிலும் லட்சோபலட்சம் ஜனங்களை வரிசையாக உட்கார வைத்து, யானைகளுக்கும் தீப்பந்தங்களுக்கும் வழிவிட்டு, இரவு முழுவதும் ஒரு குழந்தைகூட நசுங்காமல் காத்து அனுப்பும் பொலிஸாரை இந்நகரம் ஆண்டுதோறும் கண்ணாரக் காண்கிறது. முன்கூட்டித் திட்டமிடவும், பக்கத்து மாவட்டங்களிலிருந்து ஆளை வரவழைக்கவும், கூட்டத்தைக் கை ஓங்காமலே கட்டுப்படுத்தவும் அவர்களுக்குத் தெரியும் என்பதை நாம் அறிவோம். ஆகவே அதே படை கண்டியிலிருந்து சில மைல் தூரத்திலுள்ள திகனச் சந்தியில் கைகட்டி நின்றது என்று கேள்விப்படும்போது, அதன் சாமர்த்தியத்தில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சந்தேகம் வேறிடத்தில் விழுந்தது.

அதைவிடக் கசப்பானது அடுத்து வந்தது. திகனவில் பள்ளிவாசல் ஒன்றுக்குள் விசேட அதிரடிப்படையினர் புகுந்து மௌலவியையும் அங்கிருந்தவர்களையும் தாக்கியதாக எழுந்த குற்றச்சாட்டையும், அதற்கு ஆதாரமான கண்காணிப்புக் கெமராப் பதிவையும் அம்மாத இறுதியில் ரொய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் உலகுக்கு வெளியிட்டது. காப்பாற்ற வந்தவர்கள் என்று கதவைத் திறந்தவனுக்கு அடி விழுந்தால், அவன் இனி எந்தக் கதவை எப்போது திறப்பான்? விசாரணை நடப்பதாக வழமைபோல அறிவிக்கப்பட்டது. நம் தேசத்தில் விசாரணைகளுக்குப் பஞ்சமில்லை. ஒரு விசாரணையின் முடிவை அது சம்பந்தப்பட்ட ஊருக்கே கொண்டுவந்து, அவ்வூர் மக்களின் பாஷையில், அவர்கள் முன்னிலையில் வாசிக்கும் சம்பிரதாயத்துக்குத்தான் பஞ்சம். தன் தளத்தில் பரவிய விஷத்துக்காக 2020 மே மாதத்தில் பேஸ்புக் நிறுவனமே மன்னிப்புக் கோரியது. ஏழு கடலுக்கு அப்பாலுள்ள அந்தக் கம்பெனியின் வாயிலிருந்து வந்த சொல், பக்கத்துத் தெருவிலுள்ள பொலிஸ் நிலையத்திலிருந்து வரக் கேட்ட ஞாபகம் எனக்கில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விடுவது அநியாயமாகும். அந்த நாட்களில் முஸ்லிம் அயலவரைத் தம் வீட்டில் ஒளித்துவைத்த சிங்களக் குடும்பங்களும், பள்ளிவாசல் வாயிலில் காவல் நின்ற பிக்குமாரும் இருந்தார்கள். தம் கடமையை ஒழுங்காகச் செய்த பொலிஸாரும் இருந்தார்கள். மேலும், பொலிஸார்மீதுள்ள அவநம்பிக்கை சிறுபான்மையோரின் தனிச் சொத்து என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. 1983 ஜூலையில் கொழும்பு வீதியிலும் திருகோணமலை வீதியிலும் தம் கடைகள் எரிவதைக் கண்ட தமிழரிடமும், யுத்த காலத்தில் விடுதி அறைக்குக்கூடப் பொலிஸ் பதிவுத் துண்டோடு அலைந்தவர்களிடமும் அது இருப்பது இயல்பு. ஆனால் 1989இல் இப்பிரதேசத்துச் சிங்களத் தாய்மார் பட்ட பாடு என்ன? அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்தில் பேராதனைப் பல்கலைக்கழக வளவில், அல்விஸ் குளத்தைச் சுற்றி, வெட்டப்பட்ட தலைகள் வரிசையாக வைக்கப்பட்டிருந்ததைக் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே வாழ்கிறார்கள். காணாமற்போன மகனைத் தேடிப் பொலிஸ் நிலைய வாயிலில் நின்று விரட்டப்பட்ட அனுபவத்துக்கு இனபேதம் கிடையாது.

பெரிய கலகங்களை விடுவோம். அவை தலைமுறைக்கு ஒருமுறை வருபவை. விசுவாசம் தேய்வது அன்றாடக் காரியங்களில். மஹியாவையில் வசிக்கும் மாநகர சபைச் சுத்திகரிப்புத் தொழிலாளி ஒருவரோ, கலஹாத் தோட்டப்பக்கத்திலிருந்து நகரத்துப் புடைவைக்கடைக்கு வேலைக்கு வரும் பிள்ளை ஒன்றோ அடையாள அட்டையைத் தொலைத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். புதிய அட்டைக்கு விண்ணப்பிக்கப் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி வேண்டும். ஆகவே ‘என்ட்ரி’ போடப் போக வேண்டும். வாங்கில் நெடுநேரம் குந்தியிருந்து, முறை வந்ததும் தெரிந்த அளவு சிங்களத்தில் விஷயத்தைச் சொல்ல, சார்ஜன்ட் அந்தப் பெரிய புத்தகத்தில் மளமளவென்று சிங்களத்தில் எழுதுகிறார். எழுதி முடித்துப் புத்தகத்தைத் திருப்பி வைத்து, விரலால் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டி, “ஹரித?” என்கிறார். “ஹரி சேர்” என்று கையெழுத்து விழுகிறது. வாசித்துக் காட்டி விளங்கவைத்தபின் சரியென ஏற்றுக்கொண்டதாக அந்தக் கையெழுத்துக்கு மேலே எழுதியிருக்கிறது. கையெழுத்துப் போட்டவருக்கு அதை வாசிக்கத் தெரியாது. தொலைந்தது அட்டையாக இருக்கும்வரை பாதகமில்லை. கணவன் அடித்ததையோ, முதலாளி சம்பளம் தராமல் துரத்தியதையோ, அதே நிலையத்துக் கான்ஸ்டபிள் ஒருவர் கன்னத்தில் அறைந்ததையோ சொல்ல வந்தவருடைய வாக்குமூலமும் இதே விதமாகத்தான் உருப்பெறுகிறது. நீதிமன்றத்தில் பின்னொரு நாள் அது விரிக்கப்படும்போது, தாம் சொன்னது ஒன்று, எழுதியிருப்பது வேறொன்று என்று வாதாட அவருக்கு வழியில்லை. தமிழ் அரசகரும மொழியாக அரசியலமைப்பில் ஏறி 1987 முதல் எத்தனை ஆண்டுகள்! முறைப்பாட்டுப் புத்தகத்தில் ஏறுவதற்கு அது இன்னும் வாங்கில் காத்திருக்கிறது.

சட்டத்தில் பரிகாரமே இல்லையா என்றால், ஏராளமாக உண்டு. சித்திரவதையைத் தடை செய்யும் 11ஆம் உறுப்புரை 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பிலேயே இருக்கிறது. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் சித்திரவதை செய்த உத்தியோகஸ்தருக்கு ஏழாண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனையை விதித்திருக்கிறது. அடிப்படை உரிமை மீறப்பட்டவர் ஒரு மாத காலத்துள் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் அந்த நீதிமன்றம் இருப்பது கொழும்பு ஹல்ஸ்டொப்பில். அடிபட்ட காயம் ஆறுமுன், வைத்தியச் சான்றிதழும் சட்டத்தரணியும் பணமும் தேடி, நாட்கூலியை இழந்து, எழுபது மைலுக்கு மேல் இறங்கிப் போக வேண்டும். மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் அந்த ஒரு மாதத்துள் முறையிட்டால், விசாரணை முடியும்வரை காலக்கெடு ஓடாது. கண்டியிலேயே அதன் பிராந்திய அலுவலகமும் இருக்கிறது. இந்த ஒரு விவரத்தையாவது தோட்டத் தலைவர்மாரும் தொழிற்சங்கத்தாரும் மனனம் செய்துவைத்து ஊரெங்கும் சொல்லலாம். 2001இல் 17ஆவது திருத்தம் தந்த தேசிய பொலிஸ் ஆணைக்குழுவோ, ஆட்சி மாறுந்தோறும் ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறது: 2010இல் அதன் அதிகாரம் பறிபோயிற்று, 2015இல் மீண்டது, 2020இல் மறுபடி குன்றிற்று, 2022இல் 21ஆவது திருத்தத்தால் திரும்பவும் வந்தது.

மேலிடத்தில் நீதி அடியோடு இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2010இல் மிரிஹானையில் முன்னாள் இராணுவ வீரர் ஒருவரைச் சித்திரவதை செய்த விஷயத்தில், தேசபந்து தென்னகோனும் வேறு சில பொலிஸாரும் பொறுப்பாளிகள் என்று உயர் நீதிமன்றம் 2023 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் மை உலரும் முன்னரே, 2024 பெப்ரவரியில், அதே மனிதர் நாட்டின் பொலிஸ் மா அதிபராக நியமனம் பெற்றார்! ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க, 2025 ஓகஸ்ட் 5ஆம் திகதி பாராளுமன்றம் 177 வாக்குகளால், எதிர்வாக்கு ஒன்றுமின்றி, அவரைப் பதவி நீக்கியது. இதைக் கண்டு சந்தோஷப்பட்டவர்களுள் நானும் ஒருவன். எனினும் படைத்தலைவரைப் பதவியிறக்குவதற்கு உயர் நீதிமன்றமும் பாராளுமன்றமும் சேர்ந்து இத்தனை காலம் முயல வேண்டியிருந்தது என்றால், கட்டுகஸ்தோட்டையிலோ கம்பளையிலோ ஒரு சார்ஜன்டின் கையை யார் பிடித்து நிறுத்துவது?

நம் பொலிஸின் மூலத்தை ஆராய்ந்தவர்கள், அது லண்டன் நகரப் பொலிஸின் வழியில் அமையாமல், அயர்லாந்தை அடக்கியாள ஆங்கிலேயர் அமைத்த ஆயுதப் பொலிஸின் வழியில் அமைந்தது என்பார்கள். குடிகளுக்கு ஊழியம் செய்வதைவிட, குடிகளைக் கண்காணிப்பதே அதன் பிரதான நோக்கம். விசித்திரம் என்னவென்றால், அந்த அயர்லாந்து மரத்தின் வேரே பின்னாளில் பிடுங்கி நடப்பட்டுவிட்டது. வட அயர்லாந்தில் கத்தோலிக்கருக்குப் பொலிஸார்மீது நம்பிக்கை அறவே அற்றுப்போயிருந்த நிலையில், கிறிஸ் பேட்டன் தலைமையிலான ஆணைக்குழு 1999இல் அறிக்கை சமர்ப்பித்தது. அதன் பயனாக 2001இல் படையின் பெயர் மாறியது. புதிதாகச் சேர்க்கப்படுவோரில் பாதிப் பேர் கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்ற விதி பத்தாண்டு காலம் நடைமுறையில் இருந்தது. முறைப்பாடுகளைப் பொலிஸார் அல்லாத ஒருவர் விசாரிக்கும் ஏற்பாடு வந்தது. ஒவ்வொரு உள்ளூராட்சிப் பிரதேசத்திலும் உறுப்பினரும் பொதுமக்களும் அமர்ந்து உள்ளூர்ப் பொலிஸ் அதிகாரியை நேரில் கேள்வி கேட்கும் சபைகள் அமைந்தன. அங்கே எல்லாம் சொர்க்கமாகிவிட்டது என்று நான் கூறவில்லை. குண்டுவெடிப்பிலும் பழிவாங்கலிலும் முப்பது ஆண்டு தோய்ந்த மண்ணில் இது சாத்தியமாயிற்று என்பதே கவனிக்கத்தக்கது. நாமோ, 13ஆவது திருத்தம் மாகாணங்களுக்கு எழுதிக் கொடுத்த பொலிஸ் அதிகாரத்தை 1987 முதல் ஏட்டில் வைத்தே பூஜை செய்து வருகிறோம்.

பொலிஸை மாநகர சபையின் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பது என் அபிப்பிராயமன்று. நமது நகர அரசியல்வாதிகளைத் தெரிந்த எவரும் அதைச் சொல்லத் துணியமாட்டார்; தமக்கு வேண்டியவரை விடுவிக்கச் சொல்லிப் பொறுப்பதிகாரிக்குத் தொலைபேசி எடுக்கும் வழக்கமே நம் நோயின் பாதி. இரகசியமாகத் தொலைபேசியில் நடப்பதைப் பகிரங்கமாக மண்டபத்தில் நடத்த வேண்டும் என்பதே நான் கேட்பது. கொஹாகொடைக் குப்பைமேட்டையும், வாகன நெரிசலையும், வாவியின் அசுத்தத்தையும் பற்றி மணிக்கணக்காக வாதாடும் சபை, ஆண்டுக்கு நான்கு முறை நகரத்துப் பொலிஸ் அத்தியட்சகரை அழைத்து, எத்தனை முறைப்பாடுகள் ஏற்கப்பட்டன, எத்தனை தமிழில் எழுதப்பட்டன, பொலிஸார்மீதே வந்தவை எத்தனை, அவற்றின் கதி என்ன என்று சிங்களத்திலும் தமிழிலும் கேட்டுப் பதிலைப் பதிவு செய்யலாம். கிராமங்களிலுள்ள சிவில் பாதுகாப்புக் குழுக்கள் இதற்கு ஈடாகமாட்டா. அவற்றின் அங்கத்தவரைப் பொறுப்பதிகாரியே தமக்கு இணக்கமானவராகப் பார்த்துச் சேர்த்துக்கொள்கிறார் என்பது ஊரறிந்த விஷயம்.

இதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று ஆட்சேபிப்போர் வருவார்கள். அதிகாரியை வரும்படி கட்டாயப்படுத்தச் சபைக்கு அதிகாரமில்லை என்பது உண்மைதான். அழைப்பதற்கும், அழைத்ததைத் தீர்மானமாக எழுதிவைப்பதற்கும் தடையொன்றும் இல்லை. அவர் வராவிட்டாலும், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உறுப்பினருக்கு மட்டுமன்றி நகரவாசி ஒவ்வொருவருக்கும் உரியது. எழுத்தில் விண்ணப்பித்தால் 14 வேலை நாட்களுக்குள் தகவல் உத்தியோகஸ்தர் தம் தீர்மானத்தை அறிவித்தாக வேண்டும். கண்டி, கட்டுகஸ்தோட்டை, பேராதனை, தெல்தெனிய ஆகிய நிலையங்களுக்கு ஒவ்வொரு விண்ணப்பம் போட்டு, மேற்சொன்ன நான்கு கேள்விகளுடன், நிலையத்தில் தமிழில் வாக்குமூலம் எழுதத் தெரிந்தவர் எத்தனை பேர், எந்நேரங்களில் அவர் கடமையில் இருப்பார் என்பதையும் கேட்கலாம். முதல் விண்ணப்பத்தைத் தமிழ் உறுப்பினர் ஒருவரும் சிங்கள உறுப்பினர் ஒருவரும் முஸ்லிம் உறுப்பினர் ஒருவரும் சேர்ந்து கையொப்பமிட்டு அனுப்பினால் இன்னும் விசேஷம்.